அருவிக்குப் போனால் தண்ணீர் இருக்குமா? வறட்சியும் பனிக்குறைவும் போட்டோ பயணங்களை எப்படி மாற்றுகின்றன?

கேமரா, ட்ரைபாட், ஃபில்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, மலை ஏறி, கடைசியில் காய்ந்த பாறையை மட்டும் படம் பிடித்துவிட்டுத் திரும்புவது அருவி போட்டோகிராஃபர்களுக்குப் புதிதல்ல. "போன வருஷம் இதே மாசம் வந்தப்போ செம தண்ணி" என்ற புலம்பல், வறட்சி ஆண்டுகளில் எல்லா அருவிக் கரையிலும் கேட்கும்.

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வார லீவில் போய்வரக்கூடிய அருவி என்றால் அது பெரும்பாலும் 'தடா அருவி'தான். பெயரில் தடா இருந்தாலும் அருவி தடா ஊரில் இல்லை. ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், வரதய்யபாளையம் தாண்டி மலைக்காட்டுக்குள் இருக்கும் உப்பலமடுகு அருவிதான் அது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டியதும் மாநில எல்லை வந்துவிடும். அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும்.

இந்த அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும்? குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும்போது இங்கே ஏன் கொட்டுவதில்லை? இமயமலையில் பனி குறைந்தால் அங்குள்ள அருவிகளுக்கு என்ன ஆகும்? தண்ணீர் குறைந்த அருவி ஆபத்து இல்லாததா? விரிவாகப் பார்க்கலாம்.

பனிக்கும் அருவிக்கும் என்ன தொடர்பு?

உலகின் புகழ்பெற்ற மலை அருவிகள் பலவும் மழையை விட பனியை நம்பி இருப்பவை. குளிர்காலத்தில் மலை மேல் விழும் பனி உடனே ஓடிவிடாது. அடுக்கடுக்காகச் சேர்ந்து உறைந்து கிடக்கும். வெயில் ஏற ஏற, மார்ச், ஏப்ரல் தொடங்கி ஜூன், ஜூலை வரை அது மெதுவாக உருகி ஓடைக்கு வரும். குளிர்காலத்தில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்வது போன்ற ஏற்பாடு இது.

டெபாசிட் குறைந்தால் என்ன ஆகும்? இரண்டு மாற்றங்கள் நடக்கும். ஒன்று, மொத்தத் தண்ணீரே குறையும். இரண்டு, அருவி உச்சத்தில் கொட்டும் நாட்கள் முன்னதாகவே வந்து, சீக்கிரமே முடிந்துபோகும். போட்டோகிராஃபர்களைப் பெரிதும் பாதிப்பது இந்த இரண்டாவது மாற்றம்தான். ஏனென்றால் பயண டிக்கெட்டும் தங்கும் அறையும் பல மாதங்களுக்கு முன்பே, பழைய கணக்கை வைத்து புக் செய்யப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள யோசெமிட்டி அருவி சுமார் 739 மீட்டர் உயரம் கொண்டது. பனி உருகும் மே மாதத்தில் உச்சத்தில் கொட்டும். கோடைக் கடைசியில் பெரும்பாலும் வற்றிவிடும். கடும் வறட்சி நிலவிய 2015-ல், ஏப்ரல் 1-ம் தேதி கலிபோர்னியாவின் மலைப்பனி இருப்பு வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம்தான். அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாகப் பனி மூடிக் கிடக்கும் இடத்தில் வெறும் புல்தரை மேல் நின்றபடி தண்ணீர்க் கட்டுப்பாடுகளை அறிவித்தார்.

அதே யோசெமிட்டியில் ஹார்ஸ்டெயில் என்ற சிறிய அருவி இருக்கிறது. பிப்ரவரி நடுவில் தொடங்கிச் சில நாட்களுக்கு மட்டும், மாலை வெயில் அதன் மேல் விழும்போது நெருப்பு வழிவது போலத் தெரியும். இதைப் படம் எடுக்கவே ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆனால் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். பாறை உச்சியில் பனி இருக்க வேண்டும். அது உருகும் அளவுக்குப் பகலில் சூடு வேண்டும். மேற்கு வானத்தில் மேகம் இருக்கக் கூடாது. பனி இல்லாத ஆண்டில் மற்ற இரண்டும் சரியாக அமைந்தும் பயனில்லை. ஒளி வரும், ஓட வேண்டிய தண்ணீர் வராது.

இமயமலையில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் இருந்து மணாலி, பத்ரிநாத் என்று போய்ப் படம் எடுப்பவர்கள் இப்போது அதிகம். மணாலி பக்கத்தில் வசிஷ்ட் கிராமத்துக்கு மேலே ஜோகினி அருவி, பத்ரிநாத் தாண்டி மாணா கிராமத்துக்கு அப்பால் வசுதாரா அருவி ஆகியவை பலரும் தேடிப் போகும் இடங்கள். இப்படிப்பட்ட உயரமான மலை ஓடைகளுக்கு மேலே இருக்கும் பனியும் ஒரு முக்கிய ஆதாரம்.

நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் இயங்கும் ஐசிமோட் அமைப்பு, இந்துகுஷ் - இமயமலைப் பகுதியில் பனி எவ்வளவு நாள் தரையில் தங்குகிறது என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2025 கணக்குப்படி இது வழக்கத்தை விட 23.6 சதவீதம் குறைவு. அதுவரையிலான 23 ஆண்டுகளில் அதுதான் மிகக் குறைந்த அளவு. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக வழக்கத்துக்குக் கீழே போயிருந்தது. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்கு மைதானங்கள் பனியே இல்லாமல் பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

பனி ஓடைகளைப் படம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. இங்கே ஒரே நாளுக்குள் தண்ணீர் ஏறி இறங்கும். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் ஓடை இளைத்திருக்கும். பகல் வெயிலில் உருகிய நீர் வந்து சேர்ந்து பிற்பகலிலும் மாலையிலும் பெருகும். காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போவது இதனால்தான். மென்மையான ஒளிக்குக் காலை நல்லது. தண்ணீரின் வேகத்துக்கு மாலை நல்லது. திரும்பி வருவதற்கும் சேர்த்து நேரம் கணக்குப் போட வேண்டும்.

தமிழ்நாட்டு அருவிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இங்கே பனி இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் உறைபனி விழுந்தாலும் காலை வெயிலில் மறைந்துவிடும். அதனால் அருவிக்குத் தண்ணீர் கொடுக்காது. நம் அருவிகள் மூன்று வகையில் ஓடுகின்றன.

முதல் வகை, சோலைக்காடும் புல்வெளியும் தேக்கி வைக்கும் நீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் இருக்கும் சோலைக்காடுகள் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கசியவிடும். பனிக்கு ஓரளவு ஈடாக நமக்கு இருக்கும் சேமிப்பு இதுதான்.

இரண்டாவது வகை, அணையில் இருந்து வரும் நீர். ஒகேனக்கல் அருவி தர்மபுரியில் கொட்டினாலும், எவ்வளவு கொட்டும் என்பது கர்நாடகாவில் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழையையும் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளின் திறப்பையும் பொறுத்தது. கேரளாவின் அதிரப்பள்ளிக்கு மேலே பொரிங்கல்குத்து அணை இருக்கிறது. கர்நாடகாவின் ஜோக் அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை இருக்கிறது. இந்த இடங்களில் உள்ளூரில் மழை பெய்ததா என்று மட்டும் பார்த்துக் கிளம்பினால் கணக்கு தப்பும்.

மூன்றாவது வகை, பாறை மலையில் பெய்யும் மழை நேரடியாக வழிந்து வருவது. உப்பலமடுகும் அதை ஒட்டிய நாகலாபுரம் மலை ஓடைகளும் இந்த வகை. உயரம் குறைவு, காடும் பெரும்பாலும் வறண்ட காடு. பாறை வெடிப்புகளில் தேங்கிய நீர் சில வாரங்களுக்குக் கசியும். அதன் பிறகு ஓடை நூலாகி, ஆங்காங்கே குட்டைகள் மட்டும் மிஞ்சும். உப்பலமடுகு என்ற பெயரிலேயே இது இருக்கிறது. தெலுங்கில் 'மடுகு' என்றால் தமிழில் நாம் சொல்லும் மடு, அதாவது ஆழமான நீர்த்தேக்கம். அருவி நின்ற பிறகும் இருப்பது மடுதான்.

பனி மலைகளுக்கு இருப்பது ஃபிக்ஸட் டெபாசிட் என்றால், நாகலாபுரம் மலைக்கு இருப்பது மாதச் சம்பளம். வந்ததும் செலவாகிவிடும். இந்த வித்தியாசம் புரிந்தால் பயணத் தேதியைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

குற்றாலத்துக்கும் தடாவுக்கும் ஒரே சீசன் இல்லையா?

இல்லை. தமிழ்நாட்டுக்கு இரண்டு பருவமழை என்பதால் அருவிகளுக்கும் இரண்டு காலண்டர் இருக்கிறது.

குற்றாலத்தின் முக்கிய சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கேரளப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் ஒரு பகுதி மலை தாண்டிச் சாரலாக இங்கே வரும். அந்த மாதங்களில் திருவள்ளூர் மாவட்டத்தில் அவ்வப்போது மாலையில் இடிமழை பெய்யும், அவ்வளவுதான். வடகோடி ஓடைகளுக்கு உயிர் கொடுப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவதும் இந்த மூன்று மாதங்கள்தான். ஆகவே உப்பலமடுகு, நாகலாபுரம் பக்கம் படம் எடுக்க ஏற்றது மழையின் வேகம் தணிந்த பிறகு வரும் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் பாறைதான் மிஞ்சும்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு அதே எல் நினோ பல நேரம் சாதகமாக அமைகிறது. அதாவது 'இந்த வருஷம் வறட்சி' என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டிலும், எந்த மலை வறண்டது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

2023 இதற்குக் கண்ணெதிரே நடந்த உதாரணம். அந்த ஆண்டு ஆகஸ்ட், இந்தியாவில் 1901-க்குப் பிறகு பதிவான மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகாவின் பெரும்பாலான தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. காவிரியில் நீர்வரத்து சுருங்கி, 2024 கோடையில் ஒகேனக்கல்லில் பாறைகள்தான் அதிகம் தெரிந்தன. ஆனால் இடையில் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூரையும் மூழ்கடித்தது. ஒரே பருவ ஆண்டில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெள்ளம்.

2016-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்து 2018-ல் சென்னையில் வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் மேல் குறைந்தது. அதன் விளைவுதான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய காய்ந்துபோய், ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. ஏரிகளே காய்ந்த கோடையில் மலை ஓடையில் தண்ணீர் தேடிப் போவதில் அர்த்தம் இல்லை.

தண்ணீர் குறைந்தால் படத்தில் என்ன மாறும்?

அருவிப் படம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பட்டுத்துணி விரித்தது போன்ற வெள்ளை நீர். ஷட்டரை மெதுவாக வைத்து எடுப்பதால் அப்படி வருகிறது. ஆனால் எல்லா அளவு நீருக்கும் ஒரே ஷட்டர் வேகம் ஒத்துவராது.

* தண்ணீர் பலமாகக் கொட்டும்போது கால் விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் மொத்தமும் வெள்ளைச் சுவராகிவிடும். அதை விடக் குறைந்த நேரம் வைத்தால்தான் நீரின் மடிப்புகள் தெரியும்.
* தண்ணீர் நூலாக விழும்போது, ஒரு விநாடி முதல் சில விநாடிகள் வரை திறந்து வைத்தால், விட்டுவிட்டு விழும் இழைகள் ஒன்று சேர்ந்து மெல்லிய திரையாகத் தெரியும். பகலில் இவ்வளவு நேரம் திறக்க என்.டி. ஃபில்டரும் அசையாத ட்ரைபாடும் அவசியம்.
* நூல் அருவியைக் காற்று எளிதில் அலைக்கழிக்கும். காற்று குறைவாக உள்ள அதிகாலை நல்லது.
* ஈரமான பாறை கருப்பாக, பளபளப்பாக இருக்கும். காய்ந்த பாறை வெளிறிப்போய் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். எனவே வறட்சிக் காலத்தில் உச்சி வெயிலைத் தவிர்த்து, சூரியன் பாறையில் படுவதற்கு முன்பே எடுத்து முடிப்பது நல்லது.
* வானவில் வேண்டுமென்றால் காற்றில் நீர்த்துளிகள் நிறைய வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்து சுமார் 42 டிகிரி கோணத்தில் அது தெரியும். சாரல் இல்லாத அருவியில் வானவில்லும் இருக்காது.

அருவி இளைத்திருக்கும்போது அகலமான லென்ஸில் முழு மலையையும் அடக்கினால் தண்ணீர் தெரியாமலே போகும். அப்போது டெலி லென்ஸில் ஒரு பாறை இடுக்கை மட்டும் எடுப்பது, மடுவில் விழும் பிரதிபலிப்பை எடுப்பது, தண்ணீர் பல ஆண்டுகளாக அரித்த பாறையின் வரிகளை எடுப்பது என்று கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். கொட்டும் காலத்தில் நுரைக்குள் மறைந்திருக்கும் பாறை அமைப்பு, வறண்ட மாதத்தில்தான் வெளியே தெரியும்.

2019 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவியில் நீர்வரத்து வெகுவாகக் குறைந்தபோது, நீர் மறைத்திருந்த கருங்கல் சுவர் நீண்ட தூரத்துக்குத் தெரிந்த படங்கள் உலகம் முழுவதும் பரவின. வறட்சி என்றால் என்ன என்று பல பக்கக் கட்டுரைகளை விட அந்தப் படங்கள் எளிதாகச் சொல்லின. வழக்கமான இடத்தில் வழக்கமான கோணத்தில், ஆண்டுதோறும் தேதியோடு எடுக்கப்படும் சாதாரண போட்டோவுக்கும் அந்த மதிப்பு உண்டு. மழைமானி இல்லாத ஓடைக்கு அதுவே பதிவேடு.

தண்ணீர் இல்லாத அருவி ஆபத்து இல்லாததா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு.

முதலாவது, மேலே போகும் ஆசை. கீழே தண்ணீர் இல்லை என்றதும் 'இன்னும் கொஞ்சம் மேல போனா இருக்கும்' என்று பாறை ஏறுவார்கள். நீர் வடிந்த பாறையில் காய்ந்த பாசி இருக்கும். அதில் லேசாக ஈரம் பட்டால்கூட வழுக்கும். தோளில் கேமரா பையோடு விழுந்தால், செல்போன் சிக்னல் இல்லாத காட்டில் இருந்து ஒருவரைத் தூக்கி வருவதற்கே பல மணி நேரம் ஆகிவிடும்.

இரண்டாவது, மடு. அருவி நின்றிருந்தாலும் அதன் அடியில் பல ஆண்டுகளாகக் குடைந்த பள்ளம் ஆழமாகவே இருக்கும். அசையாமல் கிடக்கும் நீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. பாறை இடுக்கும் சேறும் காலைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, திடீர் வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். சீசன் இன்னும் தொடங்காத கோடை மாதம் அது. மலை மேல் பெய்த மழையில் சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து வர, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது சிறுவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். காய்ந்து இறுகிய மண்ணும் பாறையும் முதல் பெருமழையை உறிஞ்சாமல் அப்படியே கீழே தள்ளிவிடும். நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மேகம் கருத்திருந்தால் ஓடைக்குள் ட்ரைபாட் வைக்கக் கூடாது.

தெளிவாக ஓடும் நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் கூடுவது ஆகிய மூன்றும் எச்சரிக்கை. இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்க நிற்காமல் கரையின் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடைப் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது.

வறட்சியில் காட்டுக்குள் போக முடியுமா?

பல நேரம் முடியாது. வறட்சி என்றால் காட்டுத்தீ அபாயமும் கூடவே வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் தொடக்கத்தில் 40 பாதைகள் இருந்தன. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. தீ அபாயம் காரணமாக 2025 பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை இந்தப் பாதைகள் மூடப்பட்டன.

உப்பலமடுகு, நாகலாபுரம் பகுதிகள் ஆந்திர வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளன. கனமழையின்போது அருவிக்குப் போகத் தடை விதிக்கப்படுவது உண்டு. 'எப்படியும் பேசி உள்ளே போயிடலாம்' என்று எல்லை தாண்டிப் போய் நிற்பதை விட, முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ட்ரோன் பறக்கவிட விரும்புபவர்கள், அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம் தடை செய்யப்பட்ட பகுதியா என்று பார்ப்பதுடன் வனத்துறையின் அனுமதியையும் பெற வேண்டும்.

அருவி வற்றினால் யாருக்கு நஷ்டம்?

போட்டோகிராஃபருக்கு ஒரு வார லீவு வீண், அவ்வளவுதான். அருவிக் கரையில் பிழைப்பவர்களுக்கு ஒரு வருஷ வருமானமே அதில்தான் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்கள், எண்ணெய் மசாஜ் செய்பவர்கள், மீன் வறுத்து விற்பவர்கள் எல்லோரும் ஆற்றின் அளவோடு கட்டப்பட்டவர்கள். தண்ணீர் ரொம்பக் குறைந்தால் பரிசல் பாறையில் தட்டும். ரொம்பக் கூடினால் தடை விதிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். குற்றாலத்தில் சாரல் தள்ளிப்போனால் விடுதிகளும் பழக்கடைகளும் காத்துக் கிடக்கின்றன.

மனிதர்களுக்கு முன்னால் பாதிக்கப்படுவது காட்டு உயிர்கள். ஓடை வற்றிய மாதங்களில் மிச்சம் இருக்கும் ஒரு மடுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மான், பன்றி, பறவை எல்லாவற்றுக்கும் குடிநீர்த் தொட்டி. ஓடும் தண்ணீரில் ஒரு ஷாம்பு பாக்கெட் கரைந்துபோகும். நின்ற தண்ணீரில் அது அடுத்த மழை வரை அங்கேயே கிடக்கும். விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் அதிகாலையிலும் மாலையிலும்தான் போட்டோகிராஃபர்களும் அங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பதால், வறண்ட மாதங்களில் மடுக் கரையில் கூட்டமாக உட்காருவதைத் தவிர்ப்பதே நியாயம்.

கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

* தேதி அல்ல, மழை. கடந்த மூன்று, நான்கு வாரங்களில் அந்த மலைப் பக்கம் எவ்வளவு மழை பெய்தது என்று பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் தினசரி மழை அளவை வெளியிடுகிறது. மாதக் கணக்கில் மழை 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'குறைவு' என்றும், 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் 'மிகக் குறைவு' என்றும் அது வகைப்படுத்துகிறது. 'மிகக் குறைவு' என்று வந்தால் பாறை மலை அருவிகளை மறந்துவிடலாம்.
* பிச்சாட்டூர் செய்தி. ஆந்திராவின் பிச்சாட்டூர் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டால், ஊத்துக்கோட்டை முதல் பொன்னேரி வரை ஆரணி ஆற்றங்கரையில் வெள்ள எச்சரிக்கை விடப்படுவது திருவள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கமான செய்தி. நாகலாபுரம் பக்கத்து மலைகளில் நல்ல மழை என்பதற்கு அது அடையாளம். அந்த வாரம் போகக் கூடாது. மழை ஓய்ந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து, வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பிறகு போனால் படமும் கிடைக்கும், ஆபத்தும் குறைவு.
* அணை நிலவரம். ஒகேனக்கல் போன்ற இடங்களுக்குக் காவிரி நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.
* அன்றைய எச்சரிக்கை. வானிலை மையத்தின் 'மௌசம்', மின்னல் எச்சரிக்கைக்கான 'தாமினி', தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' ஆகிய செயலிகள் செல்போனில் இருப்பது நல்லது. சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும்.
* பழைய ரீல்ஸை நம்ப வேண்டாம். இணையத்தில் முதலில் வந்து நிற்பது எப்போதும் உச்ச நீர்வரத்தில் எடுத்த வீடியோதான். எடுத்த தேதி என்ன என்று பார்க்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது.
* மாற்று இடம். அருவி வறண்டிருந்தால் என்ன எடுப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. வடகோடித் திருவள்ளூரில் பழவேற்காடு ஏரியே பக்கத்தில் இருக்கிறது. குளிர்கால மாதங்களில் பூநாரைகள் உள்ளிட்ட பறவைகளை அங்கே பார்க்கலாம்.

காட்டுப்பள்ளிக்கும் மலை ஓடைக்கும் என்ன சம்பந்தம்?

மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் இல்லை. காட்டுப்பள்ளி கடலோரம், மலை மேற்கே எங்கோ இருக்கிறது. ஆனால் தண்ணீரின் பாதையைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டும் ஒரே கணக்கில் வரும். அந்த மலைத்தொடரில் விழும் மழை ஆரணி ஆறு, காலங்கி ஆறு வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வந்து சேர்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் நடுவில்தான் காட்டுப்பள்ளி இருக்கிறது. மலையில் இருந்து நன்னீர் வராத ஆண்டில் ஏரியில் உப்பு ஏறும். மீன், இறால் வரத்து மாறும். அதை நம்பி வலை வீசும் குடும்பங்களின் அடுப்பில் அது தெரியும்.

இன்னொரு பக்கம், வடசென்னைக்குக் குடிநீர் கொடுக்க கடல்நீரில் இருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலை 2010-ல் காட்டுப்பள்ளியில்தான் திறக்கப்பட்டது. மழையையும் ஏரியையும் மட்டும் நம்பி இருக்க முடியாது என்ற நிலைமையின் அடையாளம் அது. நகரத்தின் குழாய்க்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டோம். ஓடைக்கும் காட்டுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் அப்படி ஒரு மாற்று இல்லை. வானத்தில் இருந்து வருவது மட்டும்தான்.

இந்திய வானிலை மையத்தின் மழைமானியும், அணைகளின் நீர்மட்டப் பதிவும் எல்லா ஓடைகளையும் எட்டுவதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அதே பாறையில் நின்று அதே அருவியை எடுக்கும் ஒருவரிடம், அந்த மலைக்கு எந்த வருஷம் தண்ணீர் வந்தது, எந்த வருஷம் வரவில்லை என்ற கணக்கு இருக்கும். கொட்டும் அருவியை எடுத்த படம் சுவரில் மாட்டப்படும். வற்றிய அருவியை எடுத்த படத்தை அழித்துவிடாமல், தேதியும் இடமும் எழுதி வைத்தால் அதுவும் ஒரு நாள் தேவைப்படும்.